ப்ராஜெக்ட் ஜோம்பாய்ட்: கையில் கோடரி இருந்தும் இரண்டாம் நாளே சாவது ஏன்?

கேள்வி இதுதான்: "கையில் கோடரி, முதுகில் நிறைந்த பை, எதிரே நாலைந்து ஜாம்பிதான். ஆனாலும் இரண்டாம் நாள் சாயங்காலத்துக்குள் கேரக்டர் காலி. எங்கே தப்பு செய்கிறேன்? ஒரு மாதமாவது தாக்குப்பிடிக்க என்ன வழி?"

தப்பு பெரும்பாலும் அந்தக் கடைசிச் சண்டையில் இருக்காது. அரைமணி நேரம் முன்பே நடந்திருக்கும். எங்கோ ஓடியிருப்பீர்கள், பையில் தேவைக்கு மேல் திணித்திருப்பீர்கள், ஒரு ஜன்னலை உடைத்திருப்பீர்கள். ஜாம்பிகள் நிறைந்த ஊரில் உயிர் பிழைத்திருக்கும் இந்தக் கணினி விளையாட்டில் ஆளைக் கொல்வது இரண்டே விஷயம்: களைப்பு, சத்தம். கடி அதற்குப் பிறகு வருவது. கீழே சொல்லும் எல்லாமே இந்த இரண்டைச் சுற்றித்தான்.

முதலில் ஒரு விளக்கம். விளையாட்டின் பதிப்புகளைப் பில்டு என்பார்கள். 2021 டிசம்பரில் வந்த பில்டு 41-ஐ வைத்துத்தான் சொல்கிறேன். 2024 டிசம்பரில் சோதனைப் பதிப்பாக வெளியான பில்டு 42-க்கும் அடிப்படை அதேதான். அதில் ஆயுதத்தை ஓயாமல் வீசினால் கைத் தசையே பிடித்துக்கொள்ளும் என்பதால், களைப்பைப் பற்றிய பேச்சு அங்கே இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

கதை நடப்பது 1993 ஜூலையில், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில். வரைபடத்தில் இருக்கும் மல்ட்ரா, வெஸ்ட் பாயின்ட், லூயிவில் மூன்றும் நிஜ ஊர்கள். ரோஸ்வுட், ரிவர்சைடு கற்பனை. ஆட்டம் தொடங்கும்போதே "நீ இறந்தது இப்படித்தான்" என்று திரையில் எழுதிக் காட்டிவிடுவார்கள். ஜெயிப்பது என்று ஒன்று இதில் கிடையாது. எவ்வளவு நாள் தள்ளிப்போடுகிறோம் என்பதுதான் ஆட்டம்.

புதிதாக ஆடுபவர் ரோஸ்வுட்டில் தொடங்குவது நல்லது. கூட்டம் குறைவு, ஊர் சிறிது, தீயணைப்பு நிலையமும் காவல் நிலையமும் பக்கத்திலேயே. ரிவர்சைடும் பரவாயில்லை. மல்ட்ராவில் நெடுஞ்சாலையை ஒட்டிக் கூட்டம் அதிகம், வெஸ்ட் பாயின்ட்டின் நடு ஊர் அதைவிட மோசம். லூயிவில் பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம். ஆட்ட வகையில் 'அபோகலிப்ஸ்' கடினமாகத் தோன்றினால், விதிகளை நாமே மாற்றிக்கொள்ளும் சாண்ட்பாக்ஸில் ஜாம்பி எண்ணிக்கையை மட்டும் குறைத்து ஆடுங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. கூட்டம் குறைவாக இருக்கும்போதுதான் எது எதனால் நடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

கேரக்டரின் தொழில் தேர்வில் எல்லோரும் மரவெட்டியையோ தீயணைப்பு வீரரையோதான் எடுப்பார்கள். எனக்குத் திருடன்தான் பிடிக்கும். சாவி இல்லாமல் வண்டியை ஸ்டார்ட் செய்யத் தெரிந்தவன் அவன். மற்றவர்கள் எலக்ட்ரிக்கலில் 1, மெக்கானிக்ஸில் 2 என்று தேறிய பிறகுதான் அதைச் செய்ய முடியும். அடுத்து குணங்கள். கெட்ட குணத்தை எடுத்தால் புள்ளி கிடைக்கும், நல்ல குணத்துக்கு அதைச் செலவிடலாம். புள்ளி சேர்க்க 'புகைபிடிப்பவர்' எடுக்கலாம். சிகரெட்டும் லைட்டரும் செத்த ஜாம்பிகளின் பையிலேயே கிடைத்துவிடும். 'அதிக தாகம்' முதல் மாதத்தில் பெரிய தொல்லை தராது. அப்படிச் சேர்த்த புள்ளிகளை உடல் வலுவிலும் (ஸ்ட்ரெங்த்) உடல் தகுதியிலும் (ஃபிட்னஸ்) போடுங்கள். இரண்டும் பின்னால் வளர்ப்பதற்கு மிகவும் மெதுவானவை. அதே சமயம் களைப்பைத் தள்ளிப்போடுபவையும் அவைதான்.

முதல் நாள் சண்டையே வேண்டாம். ஆட்டம் தொடங்கும் வீட்டில் திரைச்சீலைகளை இழுத்து மூடுங்கள். திரைச்சீலை இல்லாத ஜன்னலில் படுக்கை விரிப்பை மாட்டுங்கள். ஜாம்பி உங்களைப் பார்க்காவிட்டால் கதவைத் தட்டக் காரணம் இல்லை. சமையலறையில் வாணலி, கத்தி, உருட்டுக்கட்டை எது இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். காலி பாட்டில், சமையல் பாத்திரம் என்று தண்ணீர் பிடிக்கக்கூடிய எல்லாவற்றையும் நிரப்பிவையுங்கள். இயல்பான அமைப்பில் தண்ணீரும் மின்சாரமும் முதல் 30 நாளுக்குள் என்றைக்கு வேண்டுமானாலும் நின்றுபோகும். குளிர்சாதனப் பெட்டியில் இருப்பதை முதலில் சாப்பிடுங்கள், டின் உணவைத் தொடாதீர்கள். அடுப்பில் உணவை வைத்து அணைக்காமல் வெளியே போய்விட்டால் வீடே எரிந்துவிடலாம் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

டிவி இருந்தால் அதிர்ஷ்டம். 'லைஃப் அண்ட் லிவிங்' சேனலில் முதல் வாரம் முழுக்கத் தச்சு வேலை, சமையல், காட்டில் பிழைப்பது பற்றிய நிகழ்ச்சிகள் வரும். காலை 6, நண்பகல் 12, மாலை 6 ஆகிய நேரங்களில் டிவி முன்னால் உட்கார்ந்தாலே கேரக்டரின் திறன் ஏறும். ஒரு பலகைகூடத் தொடாமல் தச்சு கற்றுக்கொள்ள இதைவிட மலிவான வழி இல்லை. அந்த நேரங்களுக்கு நடுவில் மட்டும் அக்கம்பக்கத்து வீடுகளைப் பாருங்கள். முதல் வாரத்துக்கு ஒரு ஒழுங்கும் தானாகவே வந்துவிடும்.

இனி சண்டை. கேள்வி கேட்டவர் கோடரியை நம்புகிறார், அங்கேதான் சிக்கல். திரையின் வலது ஓரத்தில் தோன்றும் சிறு படங்களை, மூடில்களை, கவனியுங்கள். மூச்சிரைப்புக்கான படம் முதல் நிலையில் வந்துவிட்டாலே உங்கள் அடியின் வலு ஏறக்குறையப் பாதியாகிவிடும். இரண்டாம் நிலையில் கோடரியும் துடைப்பமும் ஒன்றுதான். ஒரே அடியில் விழுந்திருக்க வேண்டிய ஜாம்பி மூன்று நான்கு அடி கேட்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பது வந்து சேரும். இரண்டாம் நாள் சாவு பெரும்பாலும் இப்படித்தான். ஓடி வந்து, அதே வேகத்தில் சண்டை போட்டு, பையில் அளவுக்கு மேல் பாரம் வேறு. பாரம் கூடக்கூடக் களைப்பும் சீக்கிரம் வரும், மூச்சும் திரும்பாது.

ஆகவே ஓடாதீர்கள், நடங்கள். சாதாரண ஜாம்பியின் வேகத்தைவிட உங்கள் நடை வேகம் சற்றே அதிகம்தான். வலது மவுஸ் பட்டனைப் பிடித்தபடி சண்டை நிலையில் பின்னோக்கி நடந்துகொண்டே, எட்டும் தூரத்தில் ஒன்று வந்ததும் ஒரு வீச்சு, மறுபடி இரண்டடி பின்னால். மூடில் வந்துவிட்டால் சண்டையை நிறுத்திவிட்டு நடந்தே விலகுங்கள். தெருமுனை திரும்பிப் பார்வையிலிருந்து மறைந்து, ஆளில்லாத இடத்தில் தரையில் உட்காருங்கள். உட்கார்ந்தால் மூச்சு சீக்கிரம் திரும்பும். மீண்டும் வந்து மிச்சத்தை முடிக்கலாம். ஜாம்பிக்கு அவசரம் எதுவும் இல்லை, உங்களுக்கும் வேண்டாம்.

முதல் வாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆயுதம் இடுப்பளவு வேலி. கொல்லைப்புறத்தில் அப்படி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் ஒரு பக்கம், கூட்டம் மறுபக்கம். வேலியை ஒட்டாமல் ஓரடி தள்ளி நில்லுங்கள். முதல் ஜாம்பி வேலிமேல் சாய்ந்து, புரண்டு, உங்கள் காலடியில் குப்புற விழும். எழுவதற்குச் சில நொடி ஆகும். அந்த இடைவெளியில் தலையில் ஒரு அடி. ஆயுதம் தேயக் கூடாது என்றால் ஸ்பேஸ் பாரை அழுத்தி மிதியுங்கள். நல்ல பூட்ஸ் இருந்தால் மிதிக்கு வலு கூடும். அடுத்தது விழுவதற்குள் பழைய இடத்துக்குத் திரும்பிவிடுங்கள். இரண்டு மூன்று ஒரே சமயத்தில் விழுந்தால் அடிக்க ஆசைப்படக் கூடாது. எழுந்து வரட்டும் என்று பின்வாங்கி, சுற்றிக்கொண்டு அடுத்த வேலிக்குப் போங்கள். வேலி ஒரு நேரத்துக்கு ஒன்றிரண்டை மட்டும் அனுப்பும் வாசல், அவ்வளவுதான். ஆனால் நீங்களே வேலி தாண்டும்போது மறுபக்கத்தில் யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். இறங்கும் அந்த நொடியில் உங்களால் எதுவும் செய்ய முடியாது.

கூட்டத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்க கியூ விசை உதவும். அழுத்தினால் கேரக்டர் குரல் கொடுப்பான். தூரத்தில் நின்று ஒருமுறை குரல் கொடுத்தால் காதில் விழுந்தவை மட்டும் கிளம்பி வரும். பக்கத்தில் போய்க் கத்தினால் மொத்தமும் வரும். குரலின் தூரத்தைக் கணிக்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

முதுகுக்குப் பின்னால் நடப்பது திரையில் தெரியாது என்பதையும் மறக்கக் கூடாது. கேரக்டரின் கண் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து ஜாம்பி மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். ஆகவே வீடுகளில் பொருள் தேடி எடுக்கும் நேரத்தில், ஒவ்வொரு அலமாரிக்கும் நடுவில் மவுஸைச் சுழற்றி ஒரு வட்டம் பாருங்கள். வீட்டுக்குள் அதிகம் பேர் கடிபடும் இடம் குளியலறைக் கதவு. மூடிய கதவைத் திறந்த கையோடு உள்ளே நுழையாதீர்கள். திறந்துவிட்டு மூன்றடி பின்னால் வந்து காத்திருங்கள். உள்ளே ஏதாவது இருந்தால் அதுவே வெளியே வரும், அப்போது நீங்கள் தயாராக நின்றிருப்பீர்கள்.

ஆயுதங்களில் கடப்பாரைக்குத்தான் என் ஓட்டு. கோடரி வலுவானது, ஆனால் சீக்கிரம் தேயும். கடப்பாரை வாரக்கணக்கில் உழைக்கும். மரக்கிளையும் கத்தியும் இருந்தால் ஈட்டி செய்துகொள்ளலாம். சில அடிகளில் முறியும், இருந்தாலும் எட்ட நின்றே குத்த முடியும் என்பதால் கைவசம் இரண்டு மூன்று வைத்திருப்பது நல்லது. துப்பாக்கியை முதல் மாதம் தொடவே வேண்டாம். ஒரு ஷாட்கன் வெடித்தால் சுற்றுவட்டாரம் முழுவதும் திரும்பிப் பார்க்கும். ஐந்து ஜாம்பியைச் சுட்டுவிட்டு ஐம்பதைக் கூப்பிட்டவர் ஆவீர்கள்.

காயங்களின் கணக்கைத் தெரிந்துவைத்தால் பதற்றம் குறையும். இயல்பான அமைப்பில் ஜாம்பியின் கீறலால் தொற்று வரும் வாய்ப்பு 7 சதவீதம், ஆழமான கிழிசலால் 25, கடித்தால் 100. அதாவது கீறல் பட்டதும் ஆட்டத்தை மூடிவிட்டுப் போக வேண்டியதில்லை. சுத்தமான துணியால் கட்டுங்கள், கிருமிநாசினியோ மதுவோ இருந்தால் ஊற்றுங்கள், அழுக்கான கட்டை மாற்றுங்கள். காயம் சீழ்பிடிப்பது வேறு, ஜாம்பித் தொற்று வேறு. முன்னதுக்கு மருந்து உண்டு, பின்னதுக்குக் கிடையாது. கெட்டுப்போன எதையும் சாப்பிடாமல், பிணக்குவியல் பக்கத்திலும் இல்லாமல், குமட்டல் மூடில் வந்து காய்ச்சலாக மாறினால்தான் கவலைப்பட வேண்டும். பிணக்குவியலை ஏன் சொல்கிறேன் என்றால், அழுகும் உடல்கள் நிறையக் கிடக்கும் இடத்தில் இருந்தாலே உடம்புக்கு முடியாமல் போகும். வீட்டு வாசலில் கொன்றவற்றைத் தள்ளி இழுத்துப் போடுவதும் பாதுகாப்புதான்.

தோல் ஜாக்கெட், டெனிம் பேன்ட், கையுறை எல்லாம் கீறலையும் கடியையும் ஓரளவு தடுக்கும். ஆனால் ஜூலை வெயிலில் அடுக்கடுக்காகப் போட்டால் உடல் சூடேறித் தாகம் கூடும், களைப்பும் கூடும். நான் கைக்கும் கழுத்துக்கும் முன்னுரிமை கொடுப்பேன். தையல் திறனை வளர்த்தால் கிழிந்த உடைக்குத் தோல் ஒட்டுப்போட்டுப் பலப்படுத்தலாம். ராத்திரியில் செய்ய நல்ல வேலை.

உடைந்த ஜன்னல் வழியாக ஏறும்போது கண்ணாடிச் சில்லுகளை முதலில் அகற்றுங்கள். ஜன்னலை ரைட் கிளிக் செய்தால் அதற்கான தெரிவு வரும். வெறுங்கையால் கண்ணாடியைக் குத்துவதைப் போன்ற அநியாயச் சாவு வேறில்லை.

சத்தத்துக்கு வருவோம். சில வீடுகளில் திருட்டு அலாரம் இருக்கும், எதில் என்று வெளியே தெரியாது. அலறத் தொடங்கினால் ஒரு பொருளைக்கூட எடுக்காதீர்கள். அந்த நொடியே வெளியேறி, நேராக உங்கள் இருப்பிடத்துக்குப் போகாமல், வேறு திசையில் நடங்கள். வருகிற கூட்டத்தை வீட்டுக்கு அழைத்துப்போனால் பிறகு அதை அப்புறப்படுத்தவே இரண்டு நாள் போய்விடும். பின்தொடர்பவற்றை உதற, ஒரு வீட்டின் முன்வாசலில் நுழைந்து கதவைச் சாத்திவிட்டுப் பின்வாசலால் வெளியேறுவது பழைய உத்தி, இன்றும் வேலைசெய்கிறது. இரண்டு மூலை திரும்பியதும் குனிந்து நடக்க ஆரம்பியுங்கள். காட்டுக்குள்ளும் தப்பலாம், ஆனால் மரங்களுக்கு நடுவே ஓடினால் தடுக்கி விழுவீர்கள், கீறலும் படும்.

காரைப் பற்றிக் கொஞ்சம். சாவி வண்டியிலேயே தொங்கலாம், பக்கத்துத் தரையில் கிடக்கலாம், அருகே அலையும் ஜாம்பியின் பையில் இருக்கலாம், எதிர் வீட்டு மேசையில் இருக்கலாம். ஜாம்பிகளை முன்பக்கத்தால் இடித்தால் பானெட் போகும், பிறகு எஞ்சின் போகும். அப்படியே இடித்தாக வேண்டுமானால் ரிவர்ஸில் இடியுங்கள், டிக்கிதான் நசுங்கும். மெதுவாக ஓட்டுங்கள். இறங்கும் இடம் இருப்பிடத்திலிருந்து சற்றுத் தள்ளி இருக்கட்டும்.

முதல் வார முடிவை ஒட்டி ஒரு நாள் ஹெலிகாப்டர் வரும். புதியவர்களில் பாதிப் பேரின் ஆட்டம் அன்றோடு முடிந்துவிடும். நீங்கள் வெளியே இருந்தால் உங்கள் தலைக்கு மேலேயே சுற்றும், அந்தச் சத்தத்துக்கு ஊரே உங்களை நோக்கி வரும். ரேடியோவில் அவசரகாலத் தானியங்கி ஒலிபரப்பைக் கண்டுபிடித்து வைத்திருந்தால் வான்வழி நடமாட்டம் பற்றி முன்கூட்டியே சொல்லும். அலைவரிசை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மாறும், முதல் நாளே தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் பேஸில், அதாவது உங்கள் இருப்பிடத்தில், தங்காமல், பெட்ரோல் நிரம்பிய வண்டியுடன் ஊருக்கு வெளியே ஏதாவது கொட்டகையில் இருப்பதுதான் என் வழக்கம். பேஸுக்குள்ளேயே பதுங்கினால் நீங்கள் பிழைக்கலாம், ஆனால் மறுநாள் வாசலைத் திறக்க முடியாது.

நிரந்தர இருப்பிடத்துக்கு மாடி வீடு தேவை. மேல்தள ஜன்னலில் ஆணி வைத்துத் துணிக்கயிறு கட்டினால் அதன் வழியே ஏறி இறங்கலாம், ஜாம்பிகளுக்குக் கயிறு ஏறத் தெரியாது. பெரிய சம்மட்டி கிடைத்தால் மாடிப்படியையே இடித்துவிடலாம். கிடைப்பது அபூர்வம், தேடி அலையாதீர்கள். எத்தனை பலகை அடித்தாலும் கூட்டம் கூடினால் ஒரு நாள் உடையும். பலகையைவிட இரண்டாவது வெளியேறும் வழி முக்கியம்.

மின்சாரம் போன பிறகு ஜெனரேட்டர்தான் கதி. அதை இயக்கக் கற்றுத்தரும் இதழை முதல் வாரத்திலேயே புத்தகக் கடையிலும் வீட்டு அலமாரிகளிலும் தபால்பெட்டிகளிலும் தேடுங்கள். எலக்ட்ரீஷியன் தொழிலை எடுத்தவருக்கு மட்டும் இது தேவையில்லை. வீட்டுக்குள் வைத்து ஓட்டினால் புகையிலேயே சாவீர்கள், வெளியேதான் வைக்க வேண்டும். இன்னொரு விஷயம்: மின்சாரம் இல்லாமல் பெட்ரோல் பங்கும் ஓடாது. மின்சாரம் இருக்கும்போதே கேன்களை நிரப்பிவையுங்கள். தண்ணீருக்கு மழைநீர்த் தொட்டி, அதற்குத் தச்சுத் திறன் 4 வேண்டும். டிவி பார்த்தது இங்கே பலன் தரும். அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். விவசாயம், மீன்பிடி, பொறி வைப்பது எல்லாம் குளிர்காலத்துக்கான கவலை. ஒரு மாதம் மட்டும் தாக்குப்பிடிக்க டின் உணவு போதும்.

கடைசியாக, எல்லாம் சரியாகச் செய்தும் கடி பட்டுவிட்டால்? இரண்டு மூன்று நாள் அவகாசம் இருக்கும். அதே உலகத்தில் புதுக் கேரக்டரைத் தொடங்கலாம் என்பதால் அந்த நாட்களை வீணாக்க வேண்டாம். படித்த திறன் புத்தகங்கள், ஜெனரேட்டர் இதழ், கடப்பாரை, கார்ச் சாவி எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வையுங்கள். பையை உடம்பில் மாட்டியபடி இறந்தால், அதை முதுகில் சுமந்துகொண்டு அலையப்போவது உங்கள் பழைய கேரக்டரின் ஜாம்பி. அதைத் தேடிப்பிடித்து அடித்தால்தான் பை திரும்பக் கிடைக்கும். பேஸ் எங்கே, எந்தத் தெரு சுத்தமாகிவிட்டது என்பதை எழுதிவைத்துக்கொண்டு, இறப்பதற்குப் பேஸுக்கு வெளியே போய்விடுங்கள். புதுக் கேரக்டர் முதல்முறை கதவைத் திறக்கும்போது உள்ளே நீங்களே நிற்கக் கூடாது.